மொரிஸ் மைனருக்கு எந்த டிஃப்? 4.22ஆ, 3.9ஆ?

வாப்பாட மொரிஸ் மைனர் போட்டோவுக்குக் கீழே, பின் அக்ஸல் சங்கதி என்னாச்சு என்று கொஞ்சப் பேர் கேட்டிருந்தீர்கள். தவணைப் பரீட்சை பேப்பர் திருத்தி முடிந்து இன்றைக்குத்தான் எழுத நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளம். கார் பைத்தியம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

கார் 1959. ஸ்ரீ நம்பர். வரும்போது 948 சீசீ எஞ்சின். அது களைத்துப்போனதும் வாப்பா ஒரு 1098 சீசீ எஞ்சினைத் தேடிப் போட்டார். 37 குதிரைவலு இருந்த இடத்தில் 48. ஆனால் பின்பக்கம் கை வைக்கவில்லை, பழைய 4.555 டிஃப் அப்படியே இருந்தது. சில்லு ஒரு தரம் சுற்ற, புரொப் ஷாஃப்ட் நாலரைத் தரம் சுற்றும். 80இல் போனால் எஞ்சின் கிட்டத்தட்ட 3300 சுற்றில் கத்தும். அதோடு போன வருஷத்திலிருந்து டிஃபுக்குள் ஒரு முனகல். காலை விட்டால் கூடும், மிதித்தால் குறையும்.

தம்பி கட்டாரிலிருந்து, "வித்துப்போடுங்க நானா" என்றான். உம்மா, "வாப்பாட கார் ஈக்கட்டும் மகன்" என்று மட்டும் சொன்னா. உம்மாவைக் கண்டி கிளினிக்குக் கூட்டிப் போவதும் இந்தக் காரில்தான். மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவை ஏற்றம் ஏறித்தான் போக வேண்டும். இடையில் நின்றால் பின்னால் லொறி வரிசை.

பாஸ் முதலில் சொன்னது டட்சன் அக்ஸல். "ஆயுசுக்கும் தொல்லை இல்லை சேர்." பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் இருக்கும் பேட்களை வெட்டி வெல்டிங் பண்ண வேண்டும், புரொப் ஷாஃப்ட்டை அளவுக்கு மாற்ற வேண்டும், ஹேண்ட் பிரேக் கேபிள் வேறு. எல்லாவற்றையும்விட, மைனரின் சில்லு போல்ட் வட்டம் 4 அங்குலம், டட்சனுடையது 4.5. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஸ்பெயார் வீல் போடேலாது. உம்மாவை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பெயார் வீலோடு போவதா? கூலியைக் கூட்டிப் பார்த்தால் மலிவும் இல்லை.

மைனரில் நல்ல விஷயம், கேஸிங்கை அப்படியே விட்டு டிஃபை மட்டும் முன்பக்கத்தால் கழற்றலாம். ஹாஃப் ஷாஃப்ட் இரண்டையும் கொஞ்சம் வெளியே இழுத்து, புரொப் ஷாஃப்டைக் கழற்றி, நட்டுகளை எடுத்தால் முட்டியோடு வந்துவிடும். 1098 மைனரின் 4.22உம், எம்ஜி மிட்ஜெட்டின் 3.9உம் அதே இடத்துக்குச் சரி.

இன்பொக்ஸில் அதிகம் கேட்டது 3.9 பற்றி. 80இல் எஞ்சின் 2850க்கு இறங்கும், கட்டுநாயக்க ஹைவேயில் சுகமாக இருக்கும். நான் வேண்டாம் என்றேன். மிட்ஜெட் சாமான் இங்கே அபூர்வம், சொல்கிற விலையும் அப்படி. அதைவிட, நாலு பேரோடு கடுகண்ணாவையில் மூன்றாம் கியர் பிடிக்காமல் இரண்டுக்கு வர வேண்டிவரும். இறங்கும்போது எஞ்சின் பிடிப்பும் குறையும், பாரமெல்லாம் பிரேக்கில் விழும். என் காரில் இன்னும் பழைய 7 அங்குல முன் டிரம்தான். 1098 மைனர்களுக்குக் கம்பனியே 8 அங்குலம் போட்டது சும்மா இல்லை.

ஆக 4.22. 80இல் சுமார் 3080 சுற்று. பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் "1098 சாமான்தான்" என்பார்கள். வாயை நம்பத் தேவையில்லை, பல்லை எண்ணுங்கள். கிறவுண் வீலில் 41, பினியனில் 9 என்றால் 4.555. 38க்கு 9 என்றால் 4.22. 39க்கு 10 என்றால் 3.9. இரண்டாவது கடையில் காட்டியது 41! நான் விரலால் எண்ணிக்கொண்டிருக்க, "கணக்கு மாஸ்டரா?" என்று முதலாளி சிரித்தார். மூன்றாவது கடையில் 38 கிடைத்தது. பல் நுனியில் உடைவு இல்லை, பினியனைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. கையோடு கொண்டுபோன ஹாஃப் ஷாஃப்ட்டை உள்ளே விட்டும் பார்த்தேன். விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கீழே.

காரில் பூட்டியிருப்பதை அறிய வேண்டுமென்றால், பின்சில்லு ஒன்றை மட்டும் ஜெக் அடித்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, அந்தச் சில்லை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம்.

பூட்டும்போதே இரண்டு ஹப் ஒயில் சீலையும் புதிதாகப் போட்டோம். அது கசிந்தால் ஒயில் நேரே பிரேக் ஷூவில்தான் இறங்கும். உள்ளே ஈபீ 90 ஒயில், நிரப்பும் துவாரத்தின் மட்டம் வரை மட்டும்.

போன கிளினிக்குக்கு ஏறிப் பார்த்தாயிற்று, மூன்றாம் கியரிலேயே போனது, அல்ஹம்துலில்லாஹ். முனகலும் இல்லை. ஒன்றைக் கவனியுங்கள்: மீட்டர் கியர்பொக்ஸிலிருந்து ஓடுவதால் இப்போது குறைத்துக் காட்டும். அது 60 என்றால் நிஜத்தில் 65. பொலிஸ் மாத்தயாவிடம் பின்ன விகிதம் விளங்கப்படுத்தேலாது.

அடுத்தது முன் பிரேக். 8 அங்குல செட் யாருடைய கண்ணிலாவது பட்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.