முந்தானையில் முடிந்த திறப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகும் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் இரு பக்கமும் தண்ணீர்தான். அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி வாணர் பாலத்தில் ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடல். ஆனால் 2017ஆம் ஆண்டு வரட்சியின்போது அந்தப் பஸ்ஸில் பட்டணத்திலிருந்து திரும்பிய பெண்களின் பைகளில் குடிதண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன.

புங்குடுதீவு சுண்ணக்கல் நிலம். மழைநீர் கீழே இறங்கி, கனமான உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வந்துவிடும். அதனால் பல கிணறுகள் குளிக்கவும் தோய்க்கவும் மட்டுமே உதவும். குடிப்பதற்குப் பவுசரைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வரட்சியில், பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகட்டும் என்று ஒரு ஒழுங்கைச் சந்தியில் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்றை நாங்கள் வைத்துக் கொடுத்தோம். படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம், வந்துவிட்டோம்.

அடுத்த வருடம் வேறு அலுவலாகப் போனபோது அந்தச் சந்தியில் இறங்கினேன். தாங்கியின் மூடியைக் காணவில்லை. ஒரு தகரத் துண்டும் அதன்மேல் ஒரு கல்லும் இருந்தன. குழாய் உடைந்து, துணி சுற்றிய தடி ஒன்று செருகப்பட்டிருந்தது. தகரத்தை விலக்கி எட்டிப் பார்த்தேன். உட்சுவரில் பச்சைப் பாசி. தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன.

"பிள்ளை, நீங்கள் தாங்கி தந்தனீங்கள். அதை ஆர் கழுவுறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் அருகே நின்ற ஒரு அம்மா. அவருடைய பேரனுக்கு அந்த மாதம் இரண்டு தடவை வயிற்றோட்டம். போரில் கணவனை இழந்த மகள்தான் கூலி வேலைக்குப் போய் வீட்டைப் பார்க்கிறாள். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் சம்பளம் இல்லை. நோய் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த கிழமை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு திரும்பவும் போனேன். மாதர் சங்கப் பெண்கள் எட்டுப் பேர் துடைப்பமும் வாளியுமாக வந்திருந்தார்கள். தாங்கி நிறையக் குளோரின் தண்ணீர் விட்டு ஒரு நாள் வைக்க வேண்டும் என்றதும் அவர்களுடைய முகம் மாறியது. 1,000 லீற்றர் தண்ணீரை வீணாக்குவதா? அப்போது அதே அம்மாதான் வழி சொன்னார். "கழுவுறதுக்குக் கிணத்து உவர்த்தண்ணி காணாதே?" காணும். கலங்கல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும்.

முதலில் தாங்கியை வெறுமையாக்கிச் சரித்தோம். ஆள் உள்ளே இறங்கவில்லை. நீண்ட தடியில் கட்டிய தும்புத் துடைப்பத்தால் சுவரைத் தேய்த்து, அடியில் படிந்த மண்டியை வெளியேற்றினோம். பிறகு நிமிர்த்தி வைத்துக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினோம். 1,000 லீற்றருக்கு 80 கிராம் குளோரின் மணித்தூள் என்பது கணக்கு. அது 50 முதல் 80 வீதம் வரை வலுவுள்ள தூளுக்குரிய அளவு. சாதாரண வெளிற்றும் தூளின் வலு குறைவு என்பதால் அதற்குரிய அளவைப் பரிசோதகரிடம் கேட்க வேண்டும். வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைக்க வேண்டுமே தவிர, தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் அதனோடு கலக்கவும் கூடாது. புதிய குழாயைத் திறந்து, குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு மூடினோம். 24 மணித்தியாலம் கழித்துப் பயிருக்கும் கிணற்றுக்கும் தூரமாகத் திறந்துவிட்டு, பவுசர் தண்ணீரால் அலசினோம்.

பிறகு திருத்த வேலைகள். பூட்டுப் போடக்கூடிய மூடி ஒன்று வாங்கினோம். கறுப்புத் தாங்கிக்குள் வெளிச்சம் புகாது. மூடி போனதும் வெளிச்சமும் நுளம்பும் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. காற்றுப்போக்கிக்கு நுளம்பு வலை கட்டினோம். எடுக்கும் குழாயை அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பொருத்தி, மண்டி கழிக்க அடியில் இன்னொரு வாய் வைத்தோம். நிறைந்த தாங்கி ஒரு தொன்னுக்கு மேல் பாரம். அதனால் சரிந்திருந்த மேடையைச் சீமெந்து பூசி மட்டமாக்கினோம்.

பவுசர் வந்தபோது சாரதித் தம்பி குழாயை மண்ணில் போட்டு இழுத்தார். "தம்பி, அந்த நுனி எங்கட பிள்ளையளின்ர வாய்க்குள்ள போற மாதிரி. தூக்கிப் பிடியும்" என்றார் ஒரு அக்கா. அன்றிலிருந்து அவர் நுனியைக் கொளுவி வைக்கிறார். முதல் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே ஓடவிட்டுத்தான் நிரப்புகிறார்.

கடைசியாக ஒரு கொப்பி வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டிய திகதியும், யார் யார் வருவது என்பதும் அதில் இருக்கின்றன. மூடியின் திறப்பு அந்த அம்மாவிடம்.

2024 ஓகஸ்ட்டில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல செய்திதான். ஆனாலும் தண்ணீர் பவுசரில் வந்தாலென்ன, குழாயில் வந்தாலென்ன, பல வீடுகளில் அது தாங்கியிலோ வாளியிலோ தங்கித்தான் வாய்க்குப் போகிறது. வருகிற தண்ணீர் நல்லதாக இருந்தாலும் தங்குகிற இடம் அழுக்கென்றால் பயனில்லை.

தாங்கி கொடுப்பதுதான் உதவி என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் காட்டிச் சிரித்தார். "இனி நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை, பிள்ளை."

சகோதரிகளே, இன்று பின்னேரம் உங்கள் வீட்டுத் தாங்கியின் மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பாருங்கள்.