சதுர அடி 700 ரூபாய் என்று நான்தான் எழுதினேன்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அந்தக் கட்டுரையை எழுதினேன். 'சொந்தமா ஷெட் போடணுமா? சதுர அடிக்கு இவ்ளோதான்!' என்று தலைப்பு. இரண்டு கான்ட்ராக்டர்களிடம் போனில் பேசினேன். ஒருவர் "700 ரூபாய்ல முடிச்சிடலாம்" என்றார். இன்னொருவர், "அது மண்ணைப் பார்க்கணும், என்ன மெஷின்னு பார்க்கணும்..." என்று இழுத்தார். இழுத்தவரை விட்டுவிட்டேன். 700 மட்டும் முதல் பத்தியிலேயே பளிச்சென்று போய் உட்கார்ந்தது. நன்றாக ஓடிய கட்டுரை அது. கடைசி வரி வரை படித்தவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பாவுக்குக் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பழைய ஷேப்பிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் வேலை. அம்மாவும் அங்கேதான். கடைந்து வரும் பீஸ்களில் பிசிறு எடுப்பது, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்குவது, டெலிவரி சலான் எழுதுவது எல்லாம் அம்மா. 16 வருடமாக ஒரே வாடகை ஷெட். 2025 ஜூனில் அதன் ஓனர், இடத்தை விற்றுவிட்டதாகச் சொல்லி ஆறு மாதம் டைம் கொடுத்தார்.

சத்தி ரோட்டில் அன்னூர் போகிற வழியில் எங்களுக்கு 5 சென்ட் இடம் உண்டு. என் கல்யாணச் செலவுக்கு ஆகட்டும் என்று நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கிப் போட்டது. அன்று இரவு அப்பா போன் செய்தார்.

"கண்ணு, முப்பதுக்கு நாப்பது போட்டா 1,200 சதுர அடி. எழுநூறால பெருக்குனா எட்டு லட்சத்து நாப்பதாயிரம். நம்மகிட்ட ஒம்பது இருக்குது. மீதி அறுபதாயிரத்துல பூஜை போட்டுரலாம்."

"யாரு சொன்ன கணக்குப்பா?"

"நீ எழுதுனதுதான் சாமி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 'அது சும்மா ஒரு தோராயம்ப்பா' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், கட்டுரையில் 'தோராயம்' என்ற சொல்லே இல்லை.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். டிப்ளமோவில் என்னோடு படித்த தோழியின் அண்ணன் சிவில் இன்ஜினீயர். இடத்தைப் பார்க்க வந்தவர் சதுர அடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பெரிய லேத் எத்தனை கிலோங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்து ஒரு மூலையில் குழி வெட்டச் சொன்னார். ஆறடி வெட்டியும் கரிசல்தான் வந்தது.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். வீடாக இருந்தால் சுவரில் விரிசல் விடும், பூசிக்கொள்ளலாம். லேத் நிற்கும் தரை ஒரு பக்கம் லேசாக இறங்கினாலும் மெஷினின் லெவல் போய்விடும். பெட் முறுக்கிக்கொள்ளும். கடைகிற ஷாஃப்ட் ஒரு முனையில் பருத்து, மறு முனையில் சிறுத்து வரும். கம்பெனியில் அத்தனையையும் ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்புவார்கள். "அப்போ தரைதான் சார் முக்கியம்" என்றார் அப்பா. அவருக்கு அது உடனே புரிந்தது. நான் எழுதிய கட்டுரையில் தரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்ஜினீயர் கொடுத்த எஸ்டிமேட் நான்கு பக்கம். 1,200 சதுர அடிக்கு மொத்தம் 15,03,000 ரூபாய். சதுர அடிக்கு 1,250-க்கும் மேல். அதற்குக் கீழே 'எதிர்பாராத செலவு 10 சதவிகிதம்' என்று தனியாக ஒரு வரி.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். முதலில் அடித்தது அந்தக் கடைசி வரியைத்தான். "எதிர்பாராததை எதுக்கு எழுதோணும்? எழுதுனா வந்துரும்" என்றார். அடுத்து பேனா போய் நின்ற இடம், 'கழிப்பறை, செப்டிக் டேங்க் - 85,000'.

"இது அப்பறம் பார்த்துக்கலாம்" என்று அடிக்கப் போனார்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா, "ஏனுங்க, அதை அடிச்சீங்கன்னா நான் புதுப் பட்டறைக்கு வரமாட்டேன்" என்றார்.

பழைய ஷெட்டில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எங்காவது ஒதுங்கிக்கொள்வார்கள். அம்மா 16 வருடமாகப் பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டுத்தான் போயிருக்கிறார். அந்த வீட்டில் விருந்தாளி வந்திருந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டாராம். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஊசி போட்டுக்கொண்டது எனக்குத் தெரியும். எதனால் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பேனாவை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே ஒரு முடிவோடு வந்தார். "அகலத்துல பத்தடியக் குறைச்சிரலாம். ஷேப்பிங் மெஷினை வித்துப்போடலாம்." இருபதுக்கு நாற்பது, 800 சதுர அடி. அந்த ஷேப்பிங் மெஷின்தான் அப்பா முதன்முதலில் சொந்தமாக வாங்கியது.

நான் உடனே செல்போனில் கணக்குப் போட்டேன். 1,250 தடவை 800, பத்து லட்சம். இன்ஜினீயர் சிரித்தார். "அப்படிக் குறையாதும்மா." திருத்திப் போட்டுக் கொடுத்ததில் 11,68,000 வந்தது. சதுர அடிக்கு 1,460! கட்டடம் சிறிதானால் சதுர அடி விலை ஏறுமா என்று எனக்குக் குழப்பம். யோசித்தால் நியாயம்தான். பத்தடி குறைந்தது என்பதற்காக த்ரீ பேஸ் கனெக்‌ஷனுக்கு இ.பி-யில் குறைத்துக்கொள்ள மாட்டார்கள். மெஷின்களை ஏற்றி இறக்கும் கிரேன் வாடகை அதேதான். எர்த்திங், பேனல் போர்டு அதேதான். கழிப்பறையைக் கொஞ்சம் சிறிதாக்கலாம், பாதியாக்க முடியாது. நான்கு பக்கச் சுவர் 140 அடியிலிருந்து 120 அடியாகத்தான் குறைகிறது.

உண்மையாகக் குறைந்தவை தரையும் கூரையும்தான். தரைமட்டத்தை இரண்டடி தூக்க 1,600 கன அடி கிராவல். லாரிக்காரர்கள் கன அடியில் பேச மாட்டார்கள், 'யூனிட்' என்பார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. அப்படியானால் 16 யூனிட் போதுமே என்று நினைத்தேன். தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்தால் மண் அமுங்குமே, அதனால் 20 யூனிட். நான்கு யூனிட் டிப்பரில் ஐந்து லோடு. அதற்கு மேல் ஐந்து அங்குல கான்கிரீட். 333 கன அடி, ஏறக்குறைய ஒன்பதரை கன மீட்டர். கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 75 மூட்டை சிமென்ட். இந்தக் கணக்குகளை எல்லாம் இன்ஜினீயர் அப்பாவுக்குச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜர்னலிசம் கிளாஸில்கூட இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

ஜூலையில் ஆரம்பித்திருக்க வேண்டியது. ஆடி வந்துவிட்டது. ஆடியில் வானம் தோண்டக் கூடாது என்று பாட்டி பிடித்த பிடியில் ஒரு மாதம் போனது. ஆவணி பிறந்த பிறகுதான் பூஜை. எந்த எஸ்டிமேட்டிலும் ஆடி மாதத்துக்கு ஒரு வரி இருப்பதில்லை. வாடகை 14,000 மட்டும் தவறாமல் போனது.

பணத்திலும் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தோம். அப்பா சொன்ன ஒன்பது லட்சத்தில் நான்கு சீட்டுப் பணம், மூன்றரை நகைக்கடன், அரை லட்சம் பேங்கில் இருந்தது. மீதி ஒரு லட்சம்? பழைய ஷெட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ். அது காலி செய்து சாவி கொடுக்கிற அன்றைக்குத்தான் கைக்கு வரும். கம்பிக்காரர் அதுவரை காத்திருப்பாரா? கணக்கில் இருக்கிற பணமும் கையில் இருக்கிற பணமும் ஒன்றில்லை என்று எஸ்டிமேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் தேதி எழுதியபோதுதான் உறைத்தது. என் சேமிப்பு ஒன்றரை லட்சத்தை அனுப்பினேன். அப்பா வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னார். வழக்கமாக மூன்று தடவை சொல்வார்.

கம்பி இறங்கிய நாள் மட்டும் அப்பா உற்சாகமாக இருந்தார். கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்று இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்திருந்தார். 12 எம்.எம் என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.888. பன்னிரண்டு மீட்டர் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ. எண்ணிக்கையைப் பெருக்கி பில்லோடு ஒத்துப் பார்த்தோம். சரியாகவே இருந்தது. அப்பாவுக்கு அது போதவில்லை. பட்டறையிலிருந்து வெர்னியரைக் கொண்டுவந்து கம்பி கம்பியாக அளந்தார். கம்பியின் மேல் இருக்கும் முறுக்கு வரிகள் வெர்னியரில் தட்டுவதை நினைத்து அவர் முகம் சுளித்ததை மேஸ்திரி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். தூணுக்கு அடியில் போடுகிற ஃபவுண்டேஷன் போல்ட்டுகளை அப்பாவே தன் லேத்தில் மரை போட்டுக் கொண்டுவந்தார். மிச்சமான பணம் கொஞ்சம்தான். ஆனால், வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.

என் இரண்டாவது தப்பையும் சொல்லிவிட வேண்டும். கூரைக்கு விலை வாங்கித் தருகிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். ட்ரஸ், ஷீட் எல்லாம் சேர்த்து சதுர அடி 260 என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஷீட்டின் அளவுக்குத்தான் விலை, தரையின் அளவுக்கு இல்லை என்பதை இந்த முறை உஷாராகக் கேட்டுக்கொண்டேன். சுற்றிலும் இரண்டடி வெளியே நீட்டி, சரிவையும் சேர்த்தால் 1,100 சதுர அடி. 2,86,000 ரூபாய். அதையே எஸ்டிமேட்டிலும் போட்டோம். வேலை முடிந்து பில் வந்தபோது 51,480 ரூபாய் கூடுதலாக இருந்தது. 18 சதவிகித ஜி.எஸ்.டி. மெசேஜைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் 'வரி தனி' என்று இருந்தது. எண்ணை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டிருக்கிறேன், மறுபடியும்.

"விடு கண்ணு, ஜி.எஸ்.டி நமக்குத் திரும்ப வந்துரும்" என்று அப்பா தேற்றினார். மெஷின் வாங்கும்போது கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொண்ட அனுபவம் அவருக்கு உண்டு. ஆடிட்டர் தலையாட்டி மறுத்துவிட்டார். மெஷினுக்குக் கட்டிய வரியைக் கழிக்கலாம், கட்டடத்துக்குக் கட்டியதைக் கழிக்க முடியாதாம். பட்டறை நடத்துகிறவர்கள் வேலை தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் கூரை ஏறிய பிறகு போய்க் கேட்டோம்.

செப்டம்பர் 22-ம் தேதி சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் எங்கள் தளத்தில் ஏற்றினேன். அஸ்திவாரத்து மூட்டைகள் எல்லாம் அதற்கு முன்பே வாங்கி முடித்தாகிவிட்டது. தரைக்கான 75 மூட்டைகளுக்கு மட்டும் பலன் கிடைத்தது.

மார்கழி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது மெஷின்கள் இடம் மாறின. மொத்தச் செலவு 12,31,000. எஸ்டிமேட்டைவிட 63,000 அதிகம். அப்பா முதல் நாளே அடித்துவிட்டாரே, அந்த 'எதிர்பாராத' வரிக்குள் அடங்கியிருக்கும் தொகைதான். ஷேப்பிங் மெஷின் 90,000-க்குப் போனது. ஹார்டுவேர் கடைக்கு இன்னும் 91,000 பாக்கி. மாதா மாதம் கொடுத்துவருகிறார்.

ஆபீஸில் என் பழைய கட்டுரையைத் திருத்தலாமா என்று எடிட்டரிடம் கேட்டேன். "திருத்து, என்ன மாத்தினோம்னும் கீழ போட்டுடு" என்றார். தரை, மண், வரி, மெஷின் எடை என எல்லாம் சேர்த்து, 700-ஐ எடுத்துவிட்டு, எஸ்டிமேட் வாங்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்று எழுதினேன். பழையதைப் படித்த அளவுக்கு யாரும் இதைப் படிக்கவில்லை. பழைய ஸ்க்ரீன்ஷாட் இன்னமும் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது. போன வாரம் எங்கள் சித்தப்பாவே எனக்கு அனுப்பினார்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது புதுப் பட்டறையில் அப்பா பெரிய லேத்தின் மேல் லெவலை வைத்து எனக்குக் காட்டினார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது. கழிப்பறைச் சாவி அம்மாவின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கியது. வடக்குப் பக்கத்தில், பின்னால் பத்தடி நீட்டிக்கொள்வதற்காக விட்ட கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க சிமென்ட் பால் பூசி, மேலே பிளாஸ்டிக் கவர் கட்டியிருந்தார்.

"கண்ணு, அந்தப் பத்தடிக்கு இன்னைக்கு வெலைக்கு எவ்வளவு ஆகும்?"

"தெரியலைப்பா. இன்ஜினீயர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கலாம்" என்றேன்.