கை தட்டாதவன்

"எனக்குப் பந்து, ஹாக்கி எதிலயும் ஆர்வம் கிடையாது" என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும். பதினோரு பேர் ஓடுவதை ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் புத்திசாலி மாதிரி தோன்றும், அவ்வளவுதான். அது பொய் என்று தெரிந்தது 2009 ஏப்ரலில், ஈப்போ அஸ்லான் ஷா ஸ்டேடியத்தில், அப்பாவின் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தபோது.

ஹாக்கி இறுதியாட்டம். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்துக்கு மலேசியாவும் இந்தியாவும் மோதின. ஜெலாப்பாங்கிலிருந்து அப்பாவின் கப்சாயில் சிலிபின் சாலை வழியாகப் போனோம். எனக்கு இஷ்டமில்லை. கண் சரியில்லாததால் ராத்திரியில் அவரால் மோட்டார் ஓட்ட முடியாது. ஆள் வேண்டுமே என்று போனேன்.

அப்பா செம்மோர் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். காலையில் மரம், சாயங்காலம் திடல், அதுதான் அவர் இளமை. தோட்டத்துத் திடலில் செருப்பில்லாமல் பந்து விளையாடியதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அன்றைக்கு ஆட்டம் தொடங்கியதிலிருந்து "மலேசியா போலே!" என்று கத்திக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் இந்தியா ஒரு கோல் போட்டது. நல்ல கோல்தான், எனக்கே தெரிந்தது. அப்பா எழுந்து நின்று கை தட்டினார், மலேசியாவுக்குக் கத்திய அதே வேகத்தில்.

சுற்றிலும் சட்டென்று அமைதி. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. "உக்காருங்கப்பா, பாக்குறாங்க" என்று அவர் கைகளைப் பிடித்து மடியில் அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு மேல் படியில் நின்ற கச்சாங் பூத்தேக்காரரைக் கை காட்டிக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஆர்வமில்லை என்பதெல்லாம் சும்மா. எந்தப் பக்கம் கத்தினாலும் யாராவது கணக்கு எழுதிவைப்பார்கள் என்ற பயம். இந்தியாவுக்குக் கை தட்டினால் 'இவன் இந்த ஊர்க்காரனா?' என்பார்கள். மலேசியாவுக்குக் கத்தினால் 'நடிக்கிறான்' என்பார்கள். அப்படி யாரும் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானே கேள்வியும் கேட்டு நானே பதிலும் வைத்திருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகனாக நடித்திருக்கிறேன். பாசார் மாலாமில் வாங்கிய சிவப்புச் சட்டை, முதுகில் 7, மேலே பெக்கம் பெயர். சனிக்கிழமை ராத்திரி மாமாக் கடையில் மலாய்க்காரர், சீனர், நம்மாட்கள் எல்லாரும் ஒரே டிவிக்குக் கீழே தே தாரிக்கோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பயமும் இல்லாமல் கத்தலாம். மான்செஸ்டர் தோற்றால் ஜெலாப்பாங்கில் யாருக்கும் எதுவும் குறையாது. ஐரோப்பியக் கிளப்புகளுக்கு இங்கே இவ்வளவு கூட்டம் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2005இல் ஒரு பையன் என் முதுகைத் தட்டி, "அங்கிள், பெக்கம் ரியல் மாட்ரிட் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப ஏழு ரொனால்டோ" என்றான். சட்டை மறுநாளே மோட்டார் துடைக்கும் துணியானது.

எங்கள் மாநிலக் கால்பந்துக் குழுவான பேராக்கை ஆதரித்தவர்கள் பாடு வேறு. மஞ்சள் கறுப்புச் சட்டையோடு ஈப்போ ஸ்டேடியத்தில் மழையில் நனைந்தவர்கள் அவர்கள். 1998, 2000, அப்புறம் பதினெட்டு வருஷம் காத்திருந்து 2018இல் பெனால்டியில் மலேசியக் கிண்ணம். 2025இல் பார்த்தால் அந்தக் குழு சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் இப்படி இழக்க முடியும்.

இப்படி ஒரு குழுவோடு சேர்வதையும் விலகுவதையும் பற்றி 1976இல் ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்கள் பல்கலைக்கழகக் குழு சனிக்கிழமை ஜெயித்திருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகச் சின்னம் போட்ட உடையில் வரும் மாணவர்கள் கூடுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்ததைச் சொல்லும்போது 'நாம்' என்ற சொல் அதிகம் வருகிறது. தோற்றதைச் சொல்லும்போது குறைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இருப்பது ஒரே ஒரு சொல். நமக்கு இரண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. மலாயிலும் அப்படித்தான், கித்தா, காமி. இந்த ஊரில் பிறந்தவனுக்கு இரண்டு மொழியிலும் காது கூர்மையாகிவிடுகிறது. ஒருவர் வாயைத் திறந்ததும் நான் உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும்.

அன்றைய இறுதியாட்டத்தில் மலேசியா 3-1 என்று தோற்றது. திரும்பும் வழியில் சிலிபின் பக்கம் தே ஓ குடிக்க நிறுத்தினோம். கையைப் பிடித்து இழுத்தது பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. "மூணாவது கோல் ஆஃப்சைடுடா, அம்பயர் கண்ண மூடிக்கிட்டான்" என்று மட்டும் புலம்பினார். நான் ஆமாம் போட்டேன். மன்னிப்புக் கேட்கவும் தோன்றவில்லை. அந்தக் கைகளின் சொரசொரப்பு மட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி பிடித்துக் காய்த்த கைகள்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போகவே பிடிக்கவில்லை. 'காவ் சொக்கொங் மானா?', நீ எந்தப் பக்கம் என்று யாராவது கேட்பார்கள். "நான் பார்க்கவே இல்லை" என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். எங்கள் ஃபோர்மேன் மலாய்க்காரர், ஹாக்கி வெறியர். பத்து மணி ஓய்வில் நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கித்தா காலா, லா" என்றார்.

கித்தா. நாம தோத்துட்டோம்.

தயாராக வைத்திருந்த பதில் வாயில் வரவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "மூணாவது கோல் ஆஃப்சைடு" என்றேன்.

அவர் பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹாக்கியில் ஆஃப்சைடை எடுத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது என்றார்.