விற்றவர்கள் பேசுவதில்லை

என் மாமாவிடம் “சூரியன் எப்படி இருக்கு?” என்று கேட்டால் வெயிலைப் பற்றிச் சொல்ல மாட்டார். நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை இறக்கி, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, “நேத்து ராத்திரி மூணு காசு ஏறியிருக்கும்மா” என்பார். சூரியன் என்பது அவரும் நண்பர்களும் ஒரு பங்குக்கு வைத்த செல்லப் பெயர். வெளிநாட்டுச் சந்தையில் விற்கும், சூரியசக்தித் தகடுகள் தொடர்பான ஒரு நிறுவனம். அதன் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் வாங்கியது 2021இல். இன்று அதன் விலை அன்றைய விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தப் பங்குக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பதினான்கு பேர். ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள், ஒரு டாக்சி ஓட்டுநர், ஒரு துணைப்பாட ஆசிரியர், தேக்காவில் கடை வைத்திருப்பவர், இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள். நிறுவனத்தின் ஆங்கில அறிக்கைகளைச் சுருக்கிச் சொல்வதற்காக மாமா என்னையும் சேர்த்துவிட்டார். ஒரு பங்கும் இல்லாத ஒரே உறுப்பினர் நான்தான்.

வானொலியில் இருப்பவளுக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். விலை ஏறும் நாளில் இவர்கள் தட்டச்சு செய்கிறார்கள். இறங்கும் நாளில் குரல் பதிவு அனுப்புகிறார்கள், அதுவும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். “பயப்படாதீங்க, பெரிய ஆளுங்க வேணும்னே இறக்குறாங்க” என்று சொல்பவரின் குரலில் பயம் நன்றாகவே கேட்கிறது. நிறுவனம் 20 பழைய பங்குகளை ஒரே பங்காக இணைத்த அன்று, திரையில் விலை 20 மடங்கு எகிறியது போலத் தெரிந்தது. ஒருவர் உண்மையாகவே வாழ்த்துச் சொல்லி லட்டுப் படம் போட்டார். 2,000 பங்கு 100 ஆகிவிட்டது, மொத்த மதிப்பு அப்படியேதான் இருக்கிறது என்று அவருக்குத் தனியாக விளக்க வேண்டியிருந்தது.

இவர்கள் ஏமாளிகள் இல்லை. அவர்கள் கண்ணால் பார்ப்பதை வைத்துத்தான் பேசுகிறார்கள். வீவக புளோக்குகளின் கூரைகளில் தகடு வைக்கும் சோலார்நோவா திட்டம் 2014இல் தொடங்கியது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் மிதக்கும் சூரியப் பண்ணை 2021இல் திறக்கப்பட்டது. “உலகமே இதைத்தான் கேக்குது, இது எப்படிம்மா தோக்கும்?” என்பது மாமாவின் கேள்வி.

தகடு தோற்கவில்லை. அது மலிவாகிக்கொண்டே வருகிறது, அதனால்தான் இத்தனை கூரைகளில் ஏறியிருக்கிறது. ஆனால் நாம் மலிவாக வாங்குவது செய்தவர் மலிவாக விற்றதைத்தான். இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்றான அமெரிக்காவின் சன்பவர் 1985இல் தொடங்கிய நிறுவனம். 2024 ஆகஸ்ட்டில் அது நொடிப்புப் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது. உலகில் சூரிய மின்சாரம் குறைந்த ஆண்டல்ல அது.

நம் ஊரிலேயே ஒரு பாடம் உண்டு. ஹைஃபிளக்ஸ் தண்ணீர் நிறுவனம்தான், ஆனால் அதன் காலை வாரியதில் மின்சாரத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. 2013இல் திறந்த துவாஸ்பிரிங் ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்கும் பிரிவோடு ஒரு மின் நிலையமும் சேர்ந்திருந்தது. மிச்ச மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது கணக்கு. மின்சாரத்தின் மொத்த விலை சரிந்தது, கணக்கும் சரிந்தது. 2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டபோது, 6 விழுக்காடு தருவதாகச் சொன்ன முன்னுரிமைப் பங்குகளிலும் நிரந்தரப் பத்திரங்களிலும் ஏறத்தாழ 34,000 சிறு முதலீட்டாளர்களின் 90 கோடி வெள்ளி மாட்டியிருந்தது. 2019இல் ஹோங் லிம் பூங்காவில் பதாகையோடு நின்றவர்கள் பலர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்கள். அதே ஆண்டு மே மாதம் பொதுப் பயனீட்டுக் கழகம் குடிநீர் ஆலையை எடுத்துக்கொண்டது. 2021 ஜூலையில் நிறுவனத்தைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் குழாயில் தண்ணீர் ஒருநாளும் நிற்கவில்லை. ஆலை நல்ல ஆலைதான். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் வரிசையில் எங்கே நின்றார்கள் என்பதுதான் விஷயம். வங்கி முன்னால், அவர்கள் பின்னால். சாதாரணப் பங்கு வைத்திருப்பவர் அவர்களுக்கும் பின்னால்.

குழுவில் இதைச் சொன்னால் உடனே சுஸ்லான் வரும். அந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் இந்தியச் சந்தையிலும் பங்கு வாங்குகிறவர். சுஸ்லான் காற்றாலை நிறுவனம். 2012 அக்டோபரில் 20 கோடி அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. 2020இல் பங்கு 2 ரூபாய்க்கு அருகில் விழுந்தது. நிறுவனர் துளசி தந்தி 2022 அக்டோபர் 1ஆம் தேதி காலமானார். அதே மாதம் 5 ரூபாய்க்கு உரிமைப் பங்கு வெளியிட்டு 1,200 கோடி ரூபாய் திரட்டினார்கள். 2024இல் விலை 80 ரூபாயைத் தாண்டியது. “பாத்தீங்களா, பொறுத்தவன் ஜெயிச்சான்!”

நானும் கொஞ்சம் கணக்குப் போட்டேன். சுஸ்லான் முதன்முதலில் 2005இல் மக்களுக்கு விற்ற விலை ஒரு பங்கு 510 ரூபாய். 2008இல் அந்த ஒன்றை ஐந்தாகப் பிரித்தார்கள். ஆக, முதல் நாள் வாங்கியவரின் விலை இன்றைய பங்குக்கு 102 ரூபாய். இத்தனை ஆண்டு பொறுத்தும், பங்கு விலையை மட்டும் பார்த்தால், 80 ரூபாயில் அவருக்குப் போட்டதுகூட வரவில்லை. ஜெயித்தவர் 2 ரூபாய்க்கும் 5 ரூபாய்க்கும் புதிதாக வந்தவர். கதையை நமக்குச் சொல்வதும் அவர்தான்.

சூரியன் குழுவிலும் இதேதான் நடக்கிறது என்று எனக்குச் சில மாதங்களாகவே தோன்றிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பில் சில விநாடி மௌனம் விழுந்தாலே எங்கள் நிலையத்தில் ஆள் ஓடி வருவார். இந்தக் குழுவில் ஒவ்வொருவராக மௌனமாகிறார்கள், யாரும் கவனிப்பதில்லை. துணைப்பாட ஆசிரியர் பேசி நான்கு மாதம். கடைக்காரர் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. மிச்சம் ஐந்தாறு பேர்தான் பேசுகிறார்கள், எல்லாருமே நம்பிக்கையோடு. நம்பிக்கை இல்லாதவர்கள் பேச்சை நிறுத்திவிட்டதால் குழுவே நம்பிக்கை நிறைந்ததாகக் கேட்கிறது.

போன மாதம் அத்தை அழைத்தார். “உங்க மாமா இன்னும் 15,000 வெள்ளி போடப் போறாராம். சராசரியைக் குறைக்கணுமாம். மசேநியில இருந்து எடுத்து வெச்ச காசும்மா அது. நீ சொன்னா கேப்பாரு.”

நான் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நிறுவனத்தின் கடைசிக் காலாண்டு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு ஈசூனுக்குப் போனேன். ‘விற்றுவிடுங்கள்’ என்று சொல்லவில்லை. கையில் எவ்வளவு ரொக்கம், மூன்று மாதத்தில் எவ்வளவு கரைந்தது, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு என்று மூன்று எண்களைத் தேடச் சொன்னேன். மாமா முப்பது ஆண்டு இயந்திரப் பராமரிப்பில் இருந்தவர், பட்டியல் படிக்கத் தெரிந்தவர். பென்சிலால் வட்டமிட்டு வகுத்துப் பார்த்தார். ரொக்கம் ஐந்து மாதத்துக்குக்கூடத் தாங்காது. ‘நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் உள்ளது’ என்ற பொருளில் ஒரு வரி அதே அறிக்கையின் குறிப்புகளில் இருந்தது. அதை மட்டும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“இதை ஏன் குழுவுல யாரும் சொல்லல?”

“நீங்க கேளுங்க மாமா.”

கேட்டார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, கடன் எப்போது கட்டணும், பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டே வரி. டாக்சி ஓட்டுநர் கட்டைவிரல் உயர்த்தினார். ஒருவர் “பழைய செய்தி” என்றார். இன்னொருவர் தாமரைப் படத்தோடு காலை வணக்கம். அவ்வளவுதான் குழுவில்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் மாமாவுக்குத் தனியாக மூன்று செய்திகள் வந்தன. ஆசிரியர் பிப்ரவரியிலேயே விற்றுவிட்டாராம். கடைக்காரர் பாதியை. மூன்றாவது, சுஸ்லான் கதை சொல்லும் அதே இளைஞர்: “அங்கிள், நான் போன தீபாவளிக்கே வெளியே வந்துட்டேன். சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

மாமா அந்த 15,000 வெள்ளியைப் போடவில்லை. பழைய பங்கை விற்கவும் இல்லை. “அது கெடக்கட்டும்மா” என்கிறார். அத்தை அந்தப் பணத்தை வேறு வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவிட்டார், ரசீது எங்கே இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லவில்லை.