கசார்வாடியில் ஒரு கடையடைப்பு நாள்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்து, சிவாஜிநகர், கட்கி, தாப்போடி ஆகிய நிலையங்களைக் கடந்தால் அடுத்து வருவது கசார்வாடி. விரைவு வண்டிகள் நிற்காத சிறு நிலையம். கண்டாலாவுக்கும் புனேவுக்கும் இடையே 1858ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. புனே - லோணாவளா மின்சாரப் புறநகர் வண்டிகள் ஓடத் தொடங்கியதோ 1978ஆம் ஆண்டில். நிலையத்தின் ஒருபுறம் பழைய மும்பை நெடுஞ்சாலை. மறுபுறம் சற்றுத் தள்ளிப் பவனா ஆறு. 2022ஆம் ஆண்டு முதல் நெடுஞ்சாலையின் தலைக்குமேல் மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. மராத்தியில் ‘காசார்’ என்பது வளையல் விற்போரையும் பித்தளைப் பாத்திரம் செய்வோரையும் குறிக்கும் சொல். இன்று இங்கே வளையலோசையைக் காட்டிலும் லாரியோசையே மிகுதி. நாசிக் நகருக்குச் சாலை பிரியும் ‘நாசிக் பாட்டா’ இங்கேதான் இருக்கிறது.

ரயில்வேயில் எழுத்தராக வேலை கிடைத்து நாம் இவ்வூருக்கு வந்தபோது, தமிழர் எவரையும் இங்கே எதிர்பார்க்கவில்லை. வந்த பின்னரே உண்மை விளங்கிற்று. கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் உள்ள இராணுவக் கிடங்குகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலை தேடி வந்த தமிழர்கள், இரண்டு மூன்று தலைமுறைகளாக அங்கே வேரூன்றி வாழ்கிறார்கள். பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆண்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், போசரியும் சிஞ்ச்வாடும் ஆலைக் காடுகளாயின. அதன்பின் வந்தோர் வேறொரு தலைமுறையினர். நாம் அவர்களுக்கும் பின்னால், மெட்ரிகுலேஷன் சான்றிதழையும் ஒரு தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறி வந்தவர்கள்.

நமக்கு வாய்த்த வீடு ஒரு ‘சாள்’. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். முன்னே பொதுத் தாழ்வாரம். அடுத்த வீட்டில் ஒரு மராட்டிய மூதாட்டி, தம் மகனோடும் பேரனோடும் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘ஆஜி’, அதாவது பாட்டி. நம் துணைவியாருக்கு அப்போது மராத்தி தெரியாது. ஆஜிக்கோ தமிழ் தெரியாது. ஆயினும் சோளப் பாக்ரியும் பிட்லாவும் அவ்வீட்டிலிருந்து இவ்வீட்டிற்கும், இட்டிலியும் புளிக்குழம்பும் இவ்வீட்டிலிருந்து அவ்வீட்டிற்கும் தடையின்றிச் சென்று வந்தன. மொழி தடுத்ததைச் சமையல் திறந்தது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அயலூரில் வாழ்பவனுக்கு அமைதி நாட்களில் எந்தக் குறையும் தெரிவதில்லை. தெருவில் கூட்டம் சேரும் நாளில்தான், தான் அயலான் என்பது அவனுக்கு நினைவு வருகிறது. நம்மவர்க்கு அந்த நினைவு பரம்பரைச் சொத்து. 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியையும், 1983 ஜூலையில் கொழும்பு எரிந்ததையும், 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூருத் தமிழர் பட்ட பாட்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நம் அன்னையார் தவறாது சொல்லும் அறிவுரை ஒன்றே: “ஊர் வம்பு நமக்கு வேண்டாம். போனோமா, வந்தோமா என்று இருங்கள்.”

அந்த அறிவுரையை நாமும் வேதவாக்காகக் கொண்டிருந்தோம். அதை இன்னொருவருக்கும் எடுத்தோதினோம். அங்கேதான் பிழை செய்தோம்.

தேஹூ ரோட்டில் நமக்கு ஓர் அண்ணன் உண்டு. உடன்பிறந்தவர் அல்லர்; ரயிலில் வாய்த்த உறவு. அவருடைய பாட்டனார் வடாற்காட்டிலிருந்து இராணுவக் கிடங்கிற்குக் கூலி வேலைக்கு வந்தவர். அண்ணன் மராத்தியை மராட்டியரைப் போலவே பேசுவார். தமிழைப் பாட்டனார் ஊர்ப் பேச்சு மாறாமல் பேசுவார். ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளில் அவர் கோரேகாவ் பீமா என்னும் ஊருக்குச் சென்று வருவது வழக்கம். புனேயிலிருந்து அகமதுநகர் செல்லும் சாலையில், பீமா நதிக்கரையில் உள்ளது அவ்வூர். 1818ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறுபடை ஒன்று அங்கே பொருதது. அச்சிறுபடையில் மகார் வகுப்பு வீரர் பலர் இருந்தனர். மாண்டவர் பெயர்கள் பொறித்த கல்தூண் அங்கே நிற்கிறது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தம் முன்னோரின் வீரத்திற்குச் சான்றாக அத்தூணைப் போற்றுகின்றனர். 1927ஆம் ஆண்டு அம்பேத்கர் அங்கே சென்று அஞ்சலி செய்தார்.

2018ஆம் ஆண்டு அப்போரின் இருநூறாம் நிறைவு. டிசம்பர் இறுதியில் ரயிலில் சந்தித்தபோது, “தம்பி, இம்முறை நீங்களும் வாருங்கள், பெருங்கூட்டம் வரும்” என்றார் அண்ணன்.

“நமக்கெதற்கு அண்ணே இதெல்லாம்? பிழைக்க வந்த இடத்தில் இவர்கள் சண்டையில் நாம் ஏன் தலையிட வேண்டும்?” என்றோம் நாம்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நம்மைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆக்குர்டி வந்தது, வண்டி நின்றது, புறப்பட்டது.

ஜனவரி 1ஆம் நாள் கோரேகாவ் பீமாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கலவரம் மூண்டது. கற்கள் பறந்தன, வண்டிகள் எரிந்தன, ஓர் இளைஞர் உயிரிழந்தார். இரண்டாம் நாள் மும்பையிலும் பிற ஊர்களிலும் மறியல் பரவிற்று. மூன்றாம் நாள், புதன்கிழமை, மாநிலம் முழுவதும் கடையடைப்பு நடத்த அம்பேத்கரின் பேரனாகிய பிரகாஷ் அம்பேத்கர் அழைப்பு விடுத்தார்.

அண்ணனின் கைப்பேசி முதல் நாள் மாலை முதலே அணைந்து கிடந்தது.

புதன்கிழமை காலை நமக்குப் புனேயில் பணி. ரயில்வேக்காரனுக்குக் கடையடைப்பு விடுமுறை ஆகாது. ஏழு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்புவதா, வேண்டாவா என்று வீட்டில் ஒரு விவாதம். பள்ளி நடைபெறும் என்று சொன்னார்கள். ஆகவே அனுப்பிவிட்டு நாம் வண்டி ஏறினோம். அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. எந்த வண்டி வரும், எது வராது என்று சன்னலில் கேட்போருக்கு விடை சொல்வதிலேயே பொழுது போயிற்று. மும்பையில் புறநகர் வண்டிகளை மறித்துவிட்டார்கள் என்ற செய்தி முதலில் வந்தது. இங்கே பேருந்துகள்மீது கல் விழுகிறது என்ற பேச்சு அடுத்து வந்தது.

நண்பகலுக்கு முன் துணைவியார் அழைத்தார். “என்னங்க, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம். வண்டி வராதாம். வந்து பிள்ளையை அழைத்துப் போகச் சொல்கிறார்கள். நாசிக் பாட்டாப் பக்கம் கூட்டம் நிற்கிறது. கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் வராதே!”

நாம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இப்பால் இருந்தோம். பணியை விட்டு அகல வழியில்லை. அகன்றாலும் செல்ல வண்டியில்லை. அந்த அரைமணி நேரம் நாம் என்னென்ன எண்ணினோம் என்பதை எழுத மனம் கூசுகிறது. கொழும்பும் பெங்களூரும் கண்முன் வந்து நின்றன. ஒருவரும் நம்மைத் தமிழர் என்று தேடி வரவில்லை. அன்றைய கோபத்திற்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆயினும் அச்சம் கணக்குப் பார்த்து வருவதில்லை.

மீண்டும் கைப்பேசி ஒலித்தது. பேசியவள் நம் மகள். “அப்பா, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆஜி கூட்டி வந்தார்கள்.”

நடந்ததைப் பின்னர் அறிந்தோம். தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டிருந்த துணைவியாரைக் கண்ட ஆஜி, காரணத்தைக் கைச்சாடையிலேயே அறிந்துகொண்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பள்ளி வாயிலில், “நீங்கள் யார்?” என்று காவலாளி கேட்டிருக்கிறார். “மாஜீ நாத் ஆஹே” என்று ஆஜி சொன்னாராம். ‘என் பேத்தி’ என்பது அதன் பொருள். திரும்பும் வழியில் நீலக் கொடி பிடித்த இளைஞர் கூட்டம் சாலையை அடைத்து நின்றது. கிழவியும் குழந்தையும் வருவதைக் கண்டு, அவர்களில் இருவர் முன்வந்து வழி விலக்கி, சாலையைக் கடக்கச் செய்து அனுப்பினர். ஆஜி மராட்டிய வகுப்பினர். அக்கடையடைப்பில் அவருக்கு உடன்பாடு இல்லை. அவ்விளைஞருக்கும் அது தெரிந்திருக்கக்கூடும். இருப்பினும் குழந்தையின் பையை வாங்கிச் சாலைக்கு அப்புறம் வரை சுமந்தவன் அவர்களில் ஒருவனே என்று நம் மகள் சொன்னாள்.

மாலையில் கடையடைப்பு முடிந்ததாக அறிவித்தார்கள். முன்னிரவில் நாம் வீடு சேர்ந்தோம். சோறு உண்ணும்போது மகள் கேட்டாள்: “அப்பா, நாம் யார் பக்கம்?”

“நாம் யார் பக்கமும் இல்லை அம்மா. நாம் வெளியூர்” என்றோம். சொல்லிய வாய்க்கே அது சுவைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேஹூ ரோட்டிற்குச் சென்றோம். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். அவர் சென்ற வேனின் கண்ணாடிகள் நொறுங்கின; அவர் தோளில் ஒரு கல் பட்டிருந்தது; கைப்பேசி நெரிசலில் போய்விட்டது. நம்மைக் கண்டதும், “தம்பி வந்தாயா? பிள்ளை நலமா?” என்றே முதலில் கேட்டார். நாம் முன்பு சொன்ன சொல்லை அவர் நினைவூட்டவேயில்லை. காப்பி அருந்தியபின் நம்மைப் புத்த விகாரத்திற்கு அழைத்துச் சென்றார். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அம்பேத்கர் தம் கையால் புத்தர் சிலையை நிறுவிய இடம் அது. நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில்; அதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் முன்பே இச்சிற்றூரில் இது நிகழ்ந்தது. பல ஆண்டுகளாக அந்நிலையத்தைக் கடந்து சென்ற நாம், ஒருமுறையேனும் இறங்கிப் பார்த்ததில்லை.

அங்கே அமர்ந்திருந்தபோது அண்ணன் மெல்லச் சொன்னார்: “எங்கள் தாத்தா கூலிக்காக மட்டும் ஊரை விட்டு வரவில்லை, தம்பி. ஊரில் அவர் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெரு ஒன்று இருந்தது. இங்கே அப்படி ஒரு தெரு இருக்கவில்லை. அதற்காகவும் வந்தார்.”

நமக்கு விடை சொல்ல நா எழவில்லை. நம் ஊரிலும் அப்படி ஒரு தெரு உண்டு. நாம் பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவிலேதான்; செருப்போடு நடந்தவர் பக்கத்தில்தான். ‘இவர்கள் சண்டை’ என்று நாம் ரயிலில் சொன்னபோது, அண்ணனை எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம்? ஊர் வம்பு வேண்டாம் என்பது நமக்கு அறிவுரையாக இருந்தது; அவருக்கு அது வாயை மூடு என்னும் கட்டளையாகவே கேட்டிருக்கும். “அண்ணே, அன்று நான் சொன்னது தவறு” என்றோம். அவர் நம் முதுகில் தட்டி, “வா, வண்டிக்கு நேரமாகிறது” என்றார்.

அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள், மராட்டியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, நாசிக் சாலையில் உள்ள சாக்கண் நகரில் கலவரம் மூண்டு பேருந்துகள் எரிந்தன. ஆஜியின் பேரன் சாக்கண் ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். மாலைப் பணி முடிந்தும் அவன் வரவில்லை, தொடர்பும் இல்லை. இம்முறை தாழ்வாரத்தில் அழுது நின்றவர் ஆஜி. இதற்குள் நம் துணைவியார் ஓரளவு மராத்தி கற்றிருந்தார். அவர் பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாமும் ஆஜியின் மகனும் நாசிக் பாட்டாவில் போய் நின்று, வரும் வண்டிகளையெல்லாம் நிறுத்திக் கேட்டோம். பதினொரு மணிக்கு ஒரு லாரியின் முன்னிருக்கையிலிருந்து அவன் இறங்கினான். அவன் போராட்டத்தின் நியாயம் எது, அநியாயம் எது என்று அன்றிரவு எவரும் பேசவில்லை. ஆஜி அவனுக்குச் சோறு போட்டார்; நம் வீட்டுக் குழம்பு அதன்மேல் விழுந்தது.

அன்பர்களே! அயலூரில் கலகம் வரும் நாளில் நம்மைக் காப்பது கதவின் தாழ்ப்பாள் அன்று. கலகம் வருமுன்பே நாம் தேடிக்கொண்ட அண்டை வீட்டார். ஆகவே இவ்வூர் மொழியை வீட்டுப் பெண்டிரும் கற்கட்டும். பள்ளிக்கூடத்திற்குச் செல்லும் வழி இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அடுத்த வீட்டாரின் தொலைபேசி எண் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும். இவை சிறு காரியங்கள்; ஆனால் இவையே கைகொடுக்கும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். அன்று அவள் கேட்ட கேள்விக்கு நாம் சொன்ன விடையைப் பின்னொரு நாள் திருத்திச் சொன்னோம். “நாம் வெளியூர்தான் அம்மா. ஆனால் உன் பையைச் சுமந்தவனுக்கும் உன்னைப் பேத்தி என்றவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். அண்ணன் மாமா கேட்கும் நியாயம் நம் ஊரிலும் பாக்கி இருக்கிறது” என்றோம். அவள் தலையசைத்தாள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி பிறக்கும்போது அண்ணனுடைய அழைப்பு வருகிறது. 2019ஆம் ஆண்டு முதல் நாம் அதைத் தட்டுவதில்லை.