கிளப் மேனேஜருக்கு என்ன சம்பளம்?

கோத்தகிரியில கிளப் ரோடுன்னே ஒரு ரோடு இருக்கு. வெளியூர் ஆளுங்க பேரைக் கேட்டதும் அங்கே டிபன் கிடைக்கும்னு நினைச்சாலும் தப்பில்லை. அந்தக் காலத்துல ஓட்டலுக்கே 'காபி கிளப்'னுதானே பேரு :-) நான் சொல்ற கிளப் அது இல்லீங்க. வெள்ளைக்காரன் சீட்டாடவும், பில்லியர்ட்ஸ் ஆடவும், குளிருக்கு ஒரு பெக் போடவும் கட்டிவச்சுட்டுப் போன கிளப்.

நீலகிரியில இதுக்குப் பஞ்சமே இல்லை. ஊட்டி கிளப் 1840கள்ல இருந்து இருக்கு. ஸ்னூக்கர் ஆட்டத்தோட விதிகளை எழுதி மாட்டின இடம்னு உலகத்துக்கே தெரியும். குன்னூர்ல ஒரு கிளப், வெலிங்டன்ல கோல்ஃப் மைதானத்தோட ஜிம்கானா. இந்தியர்களை உள்ளே விடாத காலத்துல, 1906ல இருந்து 1911 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த ஆர்தர் லாலி பேர்ல ஊட்டியில வந்தது லாலி இன்ஸ்டிட்யூட். இதையெல்லாம் பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க. ஆனா வாசல்ல கோட்டு போட்டு நின்னு "குட் ஈவ்னிங் சார்" சொல்றாரே மேனேஜர், அவர் என்ன சம்பளம் வாங்கறார்னு யாரும் எழுதினதா எனக்கு நினைவில்லை. இந்தப் பதிவு அவரைப் பத்தி.

வெளியில இருந்து பார்க்கறவங்க அவருக்குப் பெரிய சம்பளம்னு நினைச்சுக்கறாங்க. குவார்ட்டர்ஸ் இருக்கு, சாப்பாடு இருக்கு, கலெக்டர் வந்தாலும் இவர்தான் வரவேற்கறார், வேறென்ன வேணும்கறது அவங்க கணக்கு. நிஜத்துல அது எவ்வளவுன்னு கமிட்டி ரூமைத் தாண்டி வெளியே வராது. ஆண்டறிக்கையில 'சம்பளம் மற்றும் படிகள்'னு ஒரே வரி. சமையல்காரர், தோட்டக்காரர், மேனேஜர் எல்லாரும் அந்த ஒரு வரிக்குள்ள அடக்கம்.

அமெரிக்காவுல கதையே வேற. அங்கே கிளப் மேனேஜர்களுக்குன்னு 1927லயே ஒரு சங்கம் வந்துடுச்சு. பயிற்சி, சான்றிதழ், சம்பள சர்வேன்னு அதுக்கு வேலை நிறைய. லாப நோக்கமில்லாத கிளப்புகள் வருமான வரித்துறைக்குக் கொடுக்கற படிவம் 990ஐ யார் வேணும்னாலும் பார்க்கலாம். மேலே இருக்கற அதிகாரிகளோட சம்பளம் பேரோட அதுல இருக்கும். பக்கத்து ஊர் கிளப்ல என்ன தர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம். நம்ம மேனேஜர் பேச உட்காரும்போது அவர் கையில ஒரு காகிதமும் கிடையாது.

சரி, எதை வச்சுத்தான் சம்பளம் முடிவாகுது? பேப்பர்ல வரவேண்டிய கணக்கு சுலபம். எத்தனை மெம்பர், மாசச் சந்தா எவ்வளவு, ரூம் எத்தனை, பார் விற்பனை என்ன, வேலைக்கு எத்தனை பேர். கிளப் பெருசானா சம்பளமும் பெருசு. மெட்ராஸ்லயோ பெங்களூர்லயோ ஆயிரக்கணக்குல மெம்பர் இருக்கற கிளப்பும், மலைமேல சில நூறு பேர் இருக்கற கிளப்பும் ஒண்ணாகாதுதானே.

மலையில இன்னும் ரெண்டு விஷயம் சேருது. முதல்ல தேயிலை. மெம்பர்ல கணிசமானவங்க எஸ்டேட், தோட்டம், ஃபாக்டரின்னு இருக்கறவங்க. 1990களோட கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்தப்போ இந்த மலையில பாதிக்கப்படாத வீடு கிடையாது. அந்த மாதிரி நேரத்துல சந்தாவை ஏத்தலாம்னு எந்த கமிட்டி வாய் திறக்கும்? ரெண்டாவது சீசன். ரூம் வருமானம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாசத்துலதான். மத்த ஊர் கிளப்புகளோட ஒப்பந்தம் வச்சிருக்கறதால அந்த மெம்பருங்களும் வந்து தங்குவாங்க. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ் வந்துச்சு. 2025 சீசன்ல வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு அளவும் வச்சாங்க. மலைக்கு நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா வருமானம் ரெண்டு மாசத்தை நம்பி இருக்கற இடத்துல, பன்னிரண்டு மாசச் சம்பளத்தை ஏத்த யாருக்கும் தைரியம் வராது.

பாரையும் விட்டுடக் கூடாது. 2017 ஏப்ரல் 1ல இருந்து நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள்ள (சின்ன ஊர்கள்ல 220 மீட்டர்) மது விற்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தப்போ, நாடு முழுக்க கிளப்புகளும் டேப் வச்சு ரோட்டை அளந்துச்சு. நகர எல்லைக்குள்ள இருக்கற சாலைகளுக்கு அது பொருந்தாதுன்னு அந்த வருஷம் ஜூலையில கோர்ட் தெளிவுபடுத்தற வரைக்கும் தூக்கம் போனது மேனேஜருக்குத்தான். வரி அதுக்கு மேல. மெம்பருக்கும் கிளப்புக்கும் நடுவுல நடக்கறது விற்பனையே இல்லைன்னு 2019ல கல்கத்தா கிளப் வழக்குல தீர்ப்பு. 2021ல சட்டத்தையே திருத்தி, 2017 ஜூலை 1ல இருந்தே ஜி.எஸ்.டி. உண்டுன்னு ஆக்கிட்டாங்க. இதையெல்லாம் ஆடிட்டரோட உட்கார்ந்து புரிஞ்சுக்கிட்டு, மறுநாள் காலையில பாய்லர்ல வெந்நீர் வரலைன்னு திட்டும் வாங்கணும். ஐப்பசி மழையில கூரை ஒழுகினாலும் சரி, புல்தரையில காட்டெருமை மேஞ்சாலும் சரி, கிச்சன் கதவைக் கரடி உடைச்சாலும் சரி, எல்லாரும் கூப்பிடறது அவரைத்தான்.

இப்போ பேப்பர்ல எழுதாத கணக்குக்கு வர்றேன்.

எனக்கு ஒருத்தரைத் தெரியும். அண்ணன்னுதான் கூப்பிடுவேன். கேட்டரிங் படிச்சு, கப்பல்ல வேலை பார்த்து, அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு மலைக்கே திரும்பி வந்தவர். இங்கே ஒரு கிளப்ல உதவி மேனேஜர். (எந்த கிளப்னு எழுதப் போறதில்லை. மேலே பேர் சொன்ன எதுவும் இல்லை.) ஆறு வருஷம் போச்சு. மேனேஜர் விலகினார். ரெண்டு சீசன் முழுக்க இவரேதான் பொறுப்பா பார்த்துக்கிட்டார். அப்புறம் விளம்பரம் வந்துச்சு, 'ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளுக்கு முன்னுரிமை'ன்னு.

இந்த வரி நம்ம பக்கத்துல ரொம்ப சகஜம். வெலிங்டன்ல ஸ்டாஃப் காலேஜ் இருக்கு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் இருக்கு. அங்கே வேலை பார்த்த அதிகாரிங்க சிலபேர் இந்த மலை பிடிச்சுப்போய் இங்கேயே தங்கிடறாங்க. ஒழுங்கு, நேரம், மெஸ் நடத்தின அனுபவம் எல்லாம் உண்டு. நல்ல மனுஷங்க. வந்தவரும் அப்படித்தான், அண்ணனே சொல்வார். பிரச்சனை அவர்கிட்ட இல்லை. கமிட்டி சொன்ன தொகையை மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டார். "எனக்கு பென்ஷன் வருதுப்பா. இது பொழுதுபோறதுக்கு"ன்னு அண்ணன்கிட்டயே சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார்.

பதினாலு மாசத்துல அவர் பையன்கூட இருக்கணும்னு பெங்களூர் போயிட்டார். கமிட்டி அண்ணனைக் கூப்பிட்டு மேனேஜர் போஸ்ட்டைக் கொடுத்துச்சு. சம்பளம்? "போனவர் வாங்கினது எவ்வளவோ அதே."

இந்த இடத்துலதான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. அந்த நாற்காலிக்கு விலை வச்சது வேலையோ வருமானமோ இல்லை. அந்தச் சம்பளத்தை நம்பி வாழவேண்டிய அவசியமே இல்லாத ஒருத்தர் ஒத்துக்கிட்ட தொகை அது. அரசாங்கம் அவருக்குக் கொடுக்கற பென்ஷன், கிளப்போட சம்பளச் செலவைக் குறைச்சுக் கொடுக்குது. அடுத்து வர்றவருக்கு அந்தப் பென்ஷன் கிடையாது, ஆனா அதே சம்பளம். பி.எஃப். பென்ஷன் இருக்கேன்னு கேட்கலாம். 15,000 ரூபாய் சம்பளத்துல 20 வருஷ சர்வீஸுக்கு மாசம் ஐயாயிரம்கூட வராதுங்க.

கமிட்டிக்காரங்க கெட்டவங்கன்னு சொல்லலை. அவங்க நிலைமையும் விசித்திரம்தான். முதலாளியும் அவங்களே, வாடிக்கையாளரும் அவங்களே. மேனேஜருக்கு ஏத்தினா தன் பாக்கெட்ல இருந்து போகும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 400 மெம்பர் இருக்கற கிளப்ல மேனேஜருக்கு மாசம் 10,000 ரூபாய் கூட்டினா தலைக்கு மாசம் 25 ரூபாய். ஒரு வடைக்கும் டீக்குமே பத்தாத காசு. ஆனா பொதுக்குழுவுல அது 'வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் கூடுதல் செலவு'ன்னுதான் வரும். ஒருத்தர் எழுந்து "எதுக்குங்க?"ன்னு கேட்டா போதும், அடுத்த தேர்தல் ஞாபகம் வந்துடும்.

சட்டம் கை கொடுக்குமான்னு பார்த்தா, அதுவும் இவரைத் தாண்டிப் போயிடுது. மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஊழியர்கள் போனஸ் கேட்டுப் போன வழக்குல, 1967ல சுப்ரீம் கோர்ட் மெம்பர்கள் கிளப் ஒரு 'தொழில்'ங்கற வகையிலயே வராதுன்னு சொல்லிடுச்சு. அப்போ அங்கே 194 பேர் வேலை பார்த்தாங்க! 1978ல பெங்களூர் குடிநீர் வாரிய வழக்குல ஏழு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாத்திச்சு. ஆனா அந்த மாற்றம் பேரருக்கும் சமையல்காரருக்கும் உதவின மாதிரி மேனேஜருக்கு உதவலை. நிர்வாகப் பொறுப்புல இருக்கறவர் சட்டப்படி 'தொழிலாளி' இல்லையே. புதுச் சட்டத் தொகுப்புலயும் அப்படித்தான். யூனியனும் இல்லை, தொழிலாளர் கோர்ட்டும் இல்லை. தனியா நின்னுதான் பேசணும்.

குவார்ட்டர்ஸ் விஷயமும் இருக்கு. அது சம்பளத்துல ஒரு பகுதின்னு சொல்லித்தான் ரொக்கத்தைக் குறைக்கறாங்க. வாடகை மிச்சம், உண்மைதான். ஆனா வேலை போற அன்னைக்கு வீடும் போயிடும். இருபது வருஷம் கிளப் குவார்ட்டர்ஸ்ல இருந்தவர் அறுபது வயசுல கோத்தகிரியில வீடு தேடறதை யோசிச்சுப் பாருங்க.

அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமை இந்தக் கணக்கோட எங்க வீட்டுக்கு வந்தார். "வேண்டாம்னு சொல்லிடட்டுமாடா?"ன்னு கேட்டார். வேண்டாம்னா மறுபடி கப்பல், இல்லைன்னா கோயமுத்தூர். அம்மாவை இந்த வயசுல கீழே கூட்டிட்டுப் போனா வெயில் தாங்க மாட்டாங்க.

"மொத்தத்தை அவங்க ஏத்த மாட்டாங்கண்ணா. அதைப் பிரிக்கிற விதத்தை மாத்தச் சொல்லிப் பாருங்க"ன்னேன். அதுக்குக் காரணம் இருக்கு. உதாரணத்துக்கு மொத்தம் 30,000னு வச்சுக்கலாம். அதுல அடிப்படை 10,000, மீதி 20,000 விதவிதமான அலவன்ஸ். கிராஜுவிட்டி அடிப்படை, பஞ்சப்படி மேலதான் கணக்கு. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 20 வருஷத்துக்கு 1,15,000 ரூபாய் சொச்சம் வரும். 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புப்படி அலவன்ஸ் மொத்தத்துல பாதிக்கு மேல போனா, கூடுதலா இருக்கறதை ஊதியத்துல சேர்த்துத்தான் கணக்குப் போடணும். அப்போ ஊதியம் 15,000, கிராஜுவிட்டி 1,73,000 சொச்சம். கிளப்புக்கு இந்த மாசச் செலவு பெருசா ஏறாது, இவருக்குக் கடைசியில கையில நிற்கும். மேனேஜர் 'தொழிலாளி' இல்லைன்னாலும் கிராஜுவிட்டி அவருக்கும் உண்டு.

அண்ணன் மூணு விஷயம் எழுதிக் கொடுத்தார். அடிப்படை பாதியாவது இருக்கணும். வேலை முடிஞ்சா குவார்ட்டர்ஸைக் காலி பண்ண ஆறு மாசம் வேணும். வருஷா வருஷம் சம்பளத்தை மறுபரிசீலனை பண்ணுவோம்னு நியமனக் கடிதத்துலயே எழுதணும். முதலாவதுக்கு உடனே சரின்னாங்க, சட்டமே அதுதானே. ஆறு மாசத்தை மூணு மாசம் ஆக்கினாங்க. மூணாவது "பார்க்கலாம்"னு போயிடுச்சு. அவர் சேர்ந்துட்டார். இப்பவும் அங்கேதான் இருக்கார்.

ஜெயிச்சாரா தோத்தாரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா அடுத்து அந்த நாற்காலிக்கு வர்ற ஆளுக்கு, "போனவர் வாங்கினது"ங்கற அளவுகோல் கொஞ்சமாவது நிமிர்ந்திருக்கும். அந்த ஆள் பென்ஷன்காரரா இருந்தாலும் சரி, நம்ம ஊர்ல கேட்டரிங் படிச்சுட்டு நிக்கற பசங்கள்ல ஒருத்தனா இருந்தாலும் சரி.

இதைப் படிக்கறவங்கள்ல எங்கேயாவது கிளப் மெம்பர் இருந்தீங்கன்னா ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவுல 'சம்பளம் மற்றும் படிகள்' வரி வரும்போது, "மேனேஜர் பி.எஃப். எந்தத் தொகை மேல கட்டறோம்?"னு ஒரு கேள்வி கேளுங்க. இருபத்தஞ்சு ரூபாய் விஷயம்தாங்க.