சுள்ளியும் உள்ளியும்

கள ஆய்வுக்குப் புறப்படும்போது ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி எவ்வளவோ கவலைப்படுகிறோம். பதிவைக் கேட்கும் கருவியைப் பற்றி யோசிப்பதேயில்லை. அந்த அலட்சியம் என் ஆய்வேட்டில் ஒரு பொய்யை ஏற்றிவிட இருந்தது. மொழியியல் மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அஞ்சுநாட்டுத் தமிழைப் பதிவு செய்வதற்காக இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பகலில் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வேன். இரவில் அதை லினக்ஸ் மடிக்கணினியில் ஏற்றி, சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவேன்.

முதலில் புளூடூத் ஸ்பீக்கரைத்தான் பயன்படுத்தினேன். ஒலி திக்கும், சில வேளை இணைப்பே அறுந்துவிடும். மலை, மழை, மின்தடை என்று ஊரின்மேல் பழி போட்டேன். காரணமோ மேசைமேலேயே இருந்தது. பதிவுகளைச் சேமித்திருந்த யுஎஸ்பி 3.0 வன்தட்டு கணினியை ஒட்டிக் கிடந்தது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யுஎஸ்பி 3.0 இணைப்பும் அதே பகுதியில் இரைச்சலைக் கசியவிடக்கூடியது. வன்தட்டைத் தள்ளி வைத்ததும் திக்கல் குறைந்தது. ஆயினும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கம்பி ஸ்பீக்கருக்கு மாறினேன். கம்பியில் என்ன பிழை வந்துவிடும்?

ஒரு மூதாட்டியின் பேச்சை இப்படி எழுதினேன்: “உள்ளி எடுத்துப் பரண்ல போட்டாத்தான் மழைக்காலம் தாங்கும்.” காந்தலூர்ப் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது, மலையாளத்தில் அதன் பெயர் வெளுத்துள்ளி. எனவே ஐயம் எழவில்லை. அதே வாரத்தில் சோளம் ‘ஓளம்’ என்றும், சுரைக்காய் ‘உரைக்காய்’ என்றும் காதில் விழுந்தன. ஆர்வம் தலைக்கேறியது. தென்திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் மறைந்ததைப் பற்றி டி. பர்ரோ 1947இல் எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. தமிழின் ‘ஆறு’ என்ற எண்ணுப்பெயர் கோண்டியில் இன்றும் சகரத்தோடுதான் தொடங்குகிறது. அந்தப் பழைய மாற்றம் இம்மலையில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதோ? ஓர் இயலுக்குத் தலைப்பே வைத்துவிட்டேன்.

எழுதியவற்றைச் சரிபார்க்க மூதாட்டியிடம் மீண்டும் சென்று, அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “உள்ளியா? சுள்ளி கண்ணு, சுள்ளி! மழையில அடுப்புக்கு என்னத்த வைக்கிறது?”

பதிவுக் கருவியிலேயே இயர்போனைச் செருகிக் கேட்டேன். சகரம் தெளிவாக ஒலித்தது.

அன்றிரவு காரணம் பிடிபட்டது: மின்சேமிப்பு. சிறிது நேரம் ஒலி ஏதும் இல்லையென்றால் லினக்ஸின் ஒலி அமைப்பு ஸ்பீக்கர் வழியை மூடிவிடுகிறது. பைப்வயரோடு வரும் வயர்பிளம்பரில் இந்தக் கெடு இயல்பாக 5 வினாடி. பிறகு ஒலிச்சில்லும் உறங்கிவிடும். மறுபடி ஒலி வரும்போது அது விழித்தெழச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் வரும் ஒலி விழுங்கப்படுகிறது. நானோ ஒவ்வொரு துண்டையும் சொல்லின் விளிம்பிலேயே வெட்டியிருந்தேன். ஒன்றை எழுதி முடிக்க 5 வினாடிக்கு மேலாகும். எனவே அடுத்த துண்டின் முதல் ஒலி ஒவ்வொரு முறையும் பலியானது. உடனே இன்னொரு முறை கேட்டிருந்தால் சகரம் ஒலித்திருக்கும். ஒருமுறை கேட்டதே போதும் என்ற அவசரம் என்னுடையது.

தீர்வு எளிது. வயர்பிளம்பர் அமைப்பில் அந்த 5 வினாடியைச் சுழியமாக்கினேன். ஒலி இயக்கியின் மின்சேமிப்பையும் நிறுத்தினேன். இப்போது ஒவ்வொரு துண்டின் முன்னும் அரை வினாடி மௌனம் விட்டே வெட்டுகிறேன். ஐயமான இடங்களில் பிராட் மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்க்கிறேன். காது தவறவிட்ட சகரம் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

புளூடூத் தன் கோளாறை ஊரறியத் திக்கிக் காட்டியது, அதனால் கேடில்லை. கம்பி ஓர் ஒலியை மட்டும் உண்டுவிட்டு, மீதியைத் துல்லியமாகத் தந்தது. அந்தத் துல்லியத்தைத்தான் நான் நம்பினேன். அதைவிடவும் என்னை உறுத்துவது வேறொன்று: பிழை என் கருதுகோளுக்கு இசைவாக இருந்தது, ஆகவே அதை நான் சோதிக்கவில்லை.

இயலின் தலைப்பை அழித்துவிட்டேன். பதிவுகளை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.